மாத்தியா, மாத்தியாச்சா?

சில வருடங்களுக்கு முன்பு, தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்த மழைக்காலத்தில், மலாக்காவில் செங் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு சின்னத் தொழிற்சாலையில் நடந்தது இது. அதே இடத்தில்தான் நான் இன்னமும் வேலை செய்கிறேன். தினமும் அது நடந்த மேசையைத் தாண்டித்தான் போகிறேன், வருகிறேன். இருந்தும் அன்றைக்கு நடந்ததை நினைத்தால் இன்றும் ஒரு நிமிடம் நின்று அதைப் பார்த்துவிட்டுத்தான் நகர்வேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நடந்தது சரியாகப் புரியாது. நான் பயந்த சுபாவம் உள்ளவன். புக்கிட் ரம்பாயில் வீடு. காலையில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சாலை முனை வரை போய்விட்டு, கேஸை அடைத்தோமா என்ற சந்தேகத்தில் திரும்பி வருகிற ஆள். நான் வாசலில் மோட்டாரை நிறுத்துவதற்குள்ளேயே என் மனைவி ஜன்னல் வழியாக, "அடைச்சாச்சு, அடைச்சாச்சு, நீங்க போங்க" என்பாள். அப்படியும் உள்ளே போய் ஒருமுறை தொட்டுப் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி.

பள்ளிக்கூடத்தை இரண்டாம் படிவத்தோடு, அதாவது எட்டாவதோடு விட்டவன் நான். வீட்டில் அப்படி ஒரு நிலைமை, அதை இங்கே விவரிக்க வேண்டாம். அதற்கப்புறம் கார் கழுவும் கடை, நாற்காலி செய்யும் பட்டறை, கடைசியில் இந்தத் தொழிற்சாலை. எங்கே போனாலும் எனக்கு ஒரே வழிதான். தெரியாததைக் கேட்பது, தெரிந்ததையும் இன்னொரு தரம் கேட்பது. படித்தவர்களுக்குச் சந்தேகம் வந்தால் புத்தகத்தைப் பார்ப்பார்கள், போனில் தேடுவார்கள். எனக்கு வாய்தான்.

எங்கள் தொழிற்சாலையில் ஃபைபர் வேலை. படகுக்கு வேண்டிய பாகங்கள், மோட்டார் கவர், தண்ணீர்த் தொட்டி மூடி, இந்த மாதிரி. துணி மாதிரி இருக்கும் நாரை அச்சில் விரித்து, பிசின் தடவி, இறுகியதும் எடுத்து அளவுக்கு வெட்டுவது. வெட்டுவதுதான் என் வேலை. ஒருநாள் முதலாளி கொட்டகையின் பாதியைக் கண்ணாடித் தடுப்பு போட்டு அடைத்து, உள்ளே குளிர்சாதனம் வைத்து, ஓர் ஆராய்ச்சிக் குழுவுக்கு வாடகைக்கு விட்டார். அவர்களுக்கு நார் விரிக்கவும் வெட்டவும் பழகிய கை ஒன்று தேவைப்பட்டது. என்னை அனுப்பினார்.

அந்தக் குழுவுக்குத் தலைவர் ஒரு மலாய்க்காரப் பெண். என்னைவிட வயதில் சின்னவர், ஆனால் பெரிய படிப்பு படித்தவர். எல்லோரும் அவரைப் புவான் என்போம், மலாயில் மேடம் என்கிற மாதிரி. என்னை அவர் 'பாங்' என்பார், அண்ணன் என்று அர்த்தம். கூட ஒரு டெக்னீஷியன், நம்மவர். பத்து பெரண்டாமிலிருந்து வருவார். கல்யாணமாகிக் குழந்தை உள்ளவர்தான், ஆனால் வாய் மட்டும் சும்மா இருக்காது. நான் அவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவேன்.

அவர்கள் செய்ய வந்தது என்ன தெரியுமா? மின்சாரக் காருக்கும், பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து ஓடும் காருக்கும் ஒரு பூட் மூடி, அதாவது பின்பக்கச் சாமான் அறையின் மூடி. பார்ப்பதற்குச் சாதாரணக் கருப்புத் தகடுதான். ஆனால் அந்தத் தகடே கரண்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிரேக் போடும்போது வீணாகப் போகிற சக்தியை வாங்கி வைத்துக்கொண்டு, கார் மறுபடி கிளம்பும்போது திருப்பிக் கொடுக்கும். அதற்கென்று தனியாக ஒரு கனமான பெட்டியைச் சுமக்க வேண்டாம், கார் எடை குறையும் என்று புவான் முதல் நாளே எனக்கு விளக்கினார். லாரி ஓட்டுகிறவரே இறங்கிச் சாமானையும் இறக்கிவிட்டால் இன்னோர் ஆள் சம்பளம் மிச்சம், அந்த மாதிரியா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, அதேதான் என்றார்.

இதற்கு சூப்பர்கெப்பாசிட்டர் என்று பெயர். பேட்டரிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று தம்பியிடம் கேட்டேன். அவர் பாணியில் சொன்னார்:

"அண்ணே, பேட்டரின்றது வாய் குறுகின போத்தல். மெதுவாத்தான் நிரம்பும், மெதுவாத்தான் ஊத்தும். இது வாயகன்ற பேசின். ஒரே புடில நிரம்பிரும். கவுத்தா ஒரே கவுப்புல காலி."

அந்த 'ஒரே கவுப்பு' என்ற சொல் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. கவிழ்கிற நேரத்தில் கீழே யார் நிற்பார்கள் என்பதுதான் என் யோசனையாக இருந்தது.

வேலை லேசில் முடியவில்லை. இரண்டு பக்கமும் கார்பன் நார், நடுவில் கண்ணாடி நார், எல்லாவற்றையும் பிடித்து வைக்க ஒரு கெட்டிப் பொருள். இதற்குள் ஒழுகுகிற திரவம் எதுவும் கிடையாது, அதுதான் இதன் சிறப்பு என்பார்கள். ஆனால் அந்தப் பொருள் நன்றாக இறுகினால் கரண்டு உள்ளே நகராது. கரண்டு நன்றாக நகர்கிற மாதிரி கலந்தால் தகடு தொய்ந்து, அடுக்கு அடுக்காகப் பிரிந்துவிடும். மலாக்கா மழைக்காலத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். யாராவது கதவைச் சரியாகச் சாத்தாமல் போனால் ஈரக்காற்று புகுந்து, விரித்த நார் முழுவதும் குப்பைக்குப் போகும். புவான் முகத்தில் ஏமாற்றம் தெரியும். கோபம் மட்டும் ஒருநாளும் தெரிந்ததில்லை. கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, சரி, மறுபடி செய்வோம் என்பார்.

செய்த தகட்டுக்குக் கரண்டு ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கிப் பார்ப்பார்கள். இத்தனை தடவை ஏறி இறங்கிய பிறகும் அதற்குப் பழைய பலம் இருக்கிறதா என்று பார்க்க, அதைச் சின்னச் சின்னப் பட்டைகளாக வெட்டி வளைத்துப் பார்க்க வேண்டும். அங்கேதான் நான். தகடு என் மேசைக்கு வருவதற்கு முன் அதில் இருக்கும் கரண்டை முழுக்க இறக்கிவிட வேண்டும். தகட்டின் ஓரத்தில் இரண்டு செப்புப் பட்டைகள் அருகருகே நீட்டிக்கொண்டிருக்கும். இறக்கிய பிறகு அவை இரண்டையும் ஒரு வயரால் சேர்த்துக் கட்டி வைப்பார்கள். இல்லாவிட்டால் கரண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தானே மறுபடி ஊறிவிடுமாம். வெட்டும்போது வயர் இடைஞ்சல் என்பதால், என் மேசையில் வைக்கும்போது தம்பி அதைக் கழற்றிவிடுவார்.

ஆக, என் முன்னால் இருக்கும் தகடு நிரம்பியிருக்கிறதா, காலியா என்று பார்த்துச் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே கருப்பு. யாராவது வாயால் சொன்னால்தான் தெரியும்.

அந்தச் சொல்தான் இந்தக் கதைக்கே காரணம். எங்கள் தொழிற்சாலையில் நேப்பாளி, பங்களாதேசி, சீனர், மலாய்க்காரர், நாம் எல்லோரும் உண்டு. பொதுமொழி மலாய்தான். மலாயில் மெஷின் நின்றால் மாத்தி. விளக்கு அணைந்தால் மாத்தி. செத்துப்போனாலும் மாத்திதான். கரண்டு இறக்கிய தகட்டையும் நாங்கள் மாத்தி என்றே சொல்வோம். ஒவ்வொரு தகட்டையும் வெட்டுவதற்கு முன், வயரைக் கழற்றிய தம்பியே மாத்தி என்று சொல்லியிருந்தாலும், நான் புவான் பக்கம் திரும்பி, "மாத்தியா, புவான்?" என்று கேட்பேன். அவர் கம்ப்யூட்டரிலிருந்து தலையை நிமிர்த்தி, மீட்டரை எடுத்து ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டு, "மாத்தி, பாங்" என்பார். அதற்கப்புறம்தான் என் கை நகரும். ஒரு தகட்டுக்குக்கூட நான் இதை விட்டதில்லை.

இதனால் தம்பி எனக்குப் பட்டப்பெயரே வைத்துவிட்டார். மாத்தி அண்ணன். கேண்டீனுக்குள் நுழைந்தாலே, "மாத்தி அண்ணே வர்றாரு, சோத்துக்கு உயிர் இருக்கான்னு கேட்டுட்டுத்தான் சாப்புடுவாரு" என்பார். நானும் சிரித்துக்கொள்வேன். வயிற்றெரிச்சல் இல்லாத கேலி அது.

ஆனால் சம்பவத்துக்கு முதல் நாள் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. மறுநாள் ஒரு கார் கம்பெனியிலிருந்து பெரியவர்கள் வருவதாக இருந்தது. இந்த ஆராய்ச்சியைத் தொடரலாமா வேண்டாமா என்று அவர்கள்தான் முடிவு செய்வார்கள். கேண்டீனில் எல்லோரும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். தம்பி பால் விடாத தே ஓ தேநீரைக் குடித்துக்கொண்டே சொன்னார்:

"அண்ணே, நாளைக்கு மட்டும் வாய மூடிக்கிட்டு இருங்கலா. வர்றவன் முன்னாடி நீங்க மாத்தியா மாத்தியான்னு கேட்டீங்கன்னா, இவங்களுக்கே இவங்க செஞ்ச சாமான் மேல நம்பிக்கையில்லைன்னு நினச்சுக்குவான்."

பக்கத்து மேசையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறதென்றே எனக்குப் பட்டது. புவான் இத்தனை காலம் பட்ட பாடு என் தொணதொணப்பால் கெட்டுப்போகக் கூடாது. நாளைக்கு ஒருநாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் காலையிலிருந்தே நல்ல மழை. வருகிறவர்கள் தாமதம் என்று தகவல் வந்தது. கண்ணாடி அறைக்குள் ஒரே பரபரப்பு. புவான் அறையின் அந்தக் கோடியில் எனக்கு முதுகைக் காட்டியபடி, தகட்டின் கரண்டில் எரிய வைத்துக் காட்டுவதற்காகச் சின்ன விளக்குகளை வரிசையாக மாட்டிக்கொண்டிருந்தார். வருகிறவர்கள் வெட்டுவதையும் பார்க்க விரும்பலாம் என்பதால், முதல் நாளே வெட்டுவதற்கென்று ஒரு காலித் தகட்டை என் மேசையில் வைத்திருந்தார்கள். நான் கழிவறைக்குப் போய்விட்டு வந்து கையுறையை மாட்டினேன். தம்பி இரண்டு கையிலும் சாமானோடு என்னைத் தாண்டி ஓடினார். ஓடிக்கொண்டே சொன்னார்:

"அண்ணே, உங்க மேசையில மாத்தியாச்சு."

நீங்களே சொல்லுங்கள். நான் என்ன நினைத்திருப்பேன்?

மாத்தி ஆச்சு. அதாவது காலி. இறக்கியாகிவிட்டது. வயரும் இல்லை, கழற்றிவிட்டார். கேட்க வேண்டிய கேள்விக்குப் பதிலே வந்துவிட்டது, இன்றைக்குப் புவானை வேறு தொந்தரவு செய்ய வேண்டாம். வருகிறவர்கள் வருவதற்குள் கோடு போட்டு வைத்துவிடலாம் என்று என் இரும்பு ரூலரை எடுத்தேன். அது ஒரு முழத்துக்கும் மேல் நீளமானது. தகட்டின் ஓரத்தில், அந்தச் செப்புப் பட்டைகள் நீட்டிக்கொண்டிருக்கும் பக்கமாகத்தான் முதல் கோடு போட வேண்டும். கண் சரியாகத் தெரியாததால் நன்றாகக் குனிந்துதான் கோடு போடுவேன். குனிந்தேன்.

"பாங்."

புவானின் குரல். சத்தமாகக்கூட இல்லை. திரும்பிப் பார்த்தேன். அவர் கையில் ஒரு விளக்கோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மலாயில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

"இன்னைக்குக் கேக்கலையே?"

அவ்வளவுதான் கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ரூலர் கையில் அப்படியே அந்தரத்தில் நிற்கிறது. "அதான் மாத்தின்னு சொல்லிட்டாரே, புவான்" என்றேன்.

"நானும் அந்தச் சொல்லக் கேட்டேன். ஆனா நீங்க கேக்கல." அவர் கையிலிருந்த விளக்கைக் கீழே வைத்தார். "ரூலர மேல தூக்குங்க. அப்படியே பின்னால வாங்க."

வந்தேன். அவர் மீட்டரை எடுத்துவந்து அதன் இரண்டு முனைகளையும் அந்தச் செப்புப் பட்டைகளில் வைத்தார். திரையில் என்ன எண் வந்தது என்று எனக்குத் தெரியாது, அப்போது எனக்கு அதைப் படிக்கத் தெரியாது. ஆனால் அவர் முகம் தெரிந்தது. நிறம் இறங்கிப்போயிற்று. ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"ஹிடுப்."

மலாயில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தாலும் ஹிடுப். மனிதன் உயிரோடு இருந்தாலும் ஹிடுப்தான். முழுக்க நிரம்பிய தகடு அது. வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கென்றே காலையில் கரண்டு ஏற்றி வைத்தது. பார்க்கச் சுத்தமாக இருக்கட்டும் என்று எந்தத் தகடு என்று காட்டும் எண் சீட்டைக்கூட உரித்துவிட்டிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துத் தம்பி திரும்பி வந்தார். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"தம்பி, மாத்தின்னு சொன்னியே" என்றேன்.

"ஆமாண்ணே, மாத்தினேன். உங்க மேசைதானே வாசலுக்குப் பக்கம், வர்றவங்களுக்கு வசதியா இருக்கும்னு ஷோ தகட்ட அங்க வச்சேன். உங்க தகட்டத் தூக்கி உள்ள வச்சேன். அதைத்தான் மாத்தியாச்சுன்னு சொன்னேன்."

"மாத்தி ஆச்சுன்னு சொன்ன."

"மாத்தியாச்சுன்னுதான் சொன்னேன்."

"அதத்தான்யா நானும் சொல்றேன். மாத்தி. ஆச்சு."

புவான் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இங்க எத்தன மாத்தி இருக்கு?" என்று கேட்டார். தமிழில் மாத்துவது என்றால் ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பது, மலாயில் துக்கார் என்கிறோமே அதுதான் என்று தம்பி திக்கித் திக்கி விளக்கினார். விளக்கும்போதே அவருக்கு விஷயம் உறைத்துவிட்டது. சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அண்ணே, அண்ணே" என்றார். நான் அவரைத் திட்டவில்லை. அவர் தமிழில் பேசினார், நான் மலாயில் கேட்டேன். நாங்கள் இருவரும் பிறந்ததிலிருந்து இரண்டையும் கலந்துதான் பேசிக்கொண்டிருக்கிறோம். அன்றைக்குத்தான் அது எங்களைக் கைவிட்டது.

ரூலரை எட்டத்தில் வைத்துவிட்டு நானும் தம்பி பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த நேரத்தில்தான் வாசலில் கார்கள் வந்து நின்றன. காவலாளி போன் செய்து, விருந்தினர்கள் வந்துவிட்டார்கள், உள்ளே அனுப்பவா என்று கேட்டார். புவான் சொன்னது என் காதில் விழுந்தது. ஆபீசில் உட்கார வையுங்கள், நான் கூப்பிட்ட பிறகு அனுப்புங்கள்.

யோசித்துப் பாருங்கள். எத்தனையோ மாத உழைப்பின் தலையெழுத்தை எழுதப்போகிறவர்கள் வெளியே காத்திருக்கிறார்கள். இவர் கேண்டீனுக்குப் போய், சீனி கூடுதலாகப் போட்ட தே ஓவைத் தன் கையாலேயே கொண்டுவந்து எனக்குக் கொடுத்துவிட்டு, காலிப் பிசின் டின் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்துகொண்டார். தம்பிக்கும் ஒரு கிளாஸ் கொடுத்தார்.

"புவான், அவங்க காத்திருக்காங்க" என்றேன்.

"இருக்கட்டும். மழைக்கு நின்னதா நினச்சுக்கட்டும்."

தே ஓவை ஒரு வாய் குடித்தேன். நான்தான் ஆரம்பித்தேன். முதல் நாள் கேண்டீனில் பேசியதைச் சொன்னேன். அதனால்தான் இன்றைக்கு வாய் திறக்க வேண்டாம் என்றிருந்தேன், என் கேள்வியெல்லாம் உங்களுக்கு எவ்வளவு தொல்லை என்று எனக்குத் தெரியும் என்றேன். தம்பி தலையைக் குனிந்துகொண்டார்.

புவான் டின்னை என் பக்கமாக இன்னும் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

"பாங், நான் வேலையில இறங்கிட்டா எனக்குச் சுத்தி நடக்கிறது எதுவும் தெரியாது. நீங்க கேக்கிறப்பதான் நான் தலை நிமிர்த்துவேன். மீட்டரப் பாப்பேன். உங்களுக்காகப் பாக்கிறேன்னு நீங்க நினச்சுக்கிட்டிருக்கீங்க. நான் நீங்க கேப்பீங்கன்ற நம்பிக்கையிலதான் இருந்தேன். இன்னைக்கு அந்த நேரம் வந்துச்சு, உங்க சத்தம் வரல. என்னமோ சரியில்லன்னு தோணுச்சு. திரும்பினேன்."

இவ்வளவு வயதில் என் பயத்தைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். பயந்தாங்கொள்ளி, தொடைநடுங்கி, விடு விடு எல்லாம் சரியாகிவிடும். அக்கறையாகச் சொன்னவர்களும் உண்டு. ஆனால் அந்தக் கேள்வி வராமல் போனதைக் கவனித்த ஆள் இவர் ஒருவர்தான்.

நான் தே ஓவைக் குடித்து முடித்துக் கிளாஸைக் கீழே வைக்கும் வரை அவர் எழுந்திருக்கவில்லை.

பிறகு விருந்தினர்கள் வந்தார்கள். விளக்குகள் எரிந்தன. தகடு வெறும் கரண்டுப் பெட்டி அல்ல, பாரமும் தாங்கும் என்று காட்டுவதற்காக, விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே அதன் மேல் ஆள் ஏறி நிற்க வேண்டும். தம்பியும் நானும்தான் நிற்பதாக ஏற்பாடு. புவான் என் பக்கத்தில் வந்து மெதுவாக, இஷ்டம் இல்லையென்றால் வேண்டாம், வேறு ஆளை நிறுத்துகிறேன் என்றார்.

"மாத்தியா, புவான்?" என்று கேட்டேன். பழக்கதோஷம்.

"இல்ல பாங், ஹிடுப்தான். மேல தனியா ஒரு அடுக்கு கண்ணாடி நார் ஒட்டியிருக்கு, கரண்டு பாயாது. பட்டைய ரப்பர்ல மூடியிருக்கேன். தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பார்த்தேன். இன்னொரு முறையும் தொட்டுப் பார்த்தேன். பிறகு ஏறி நின்றேன். தகடு லேசாக வளைந்து கொடுத்தது, விளக்குகள் கண் சிமிட்டக்கூட இல்லை. வந்தவர்களில் ஒருவர் ஆங்கிலத்தில் என்னவோ கேட்டார், புவான் என்னைக் காட்டி என்னவோ பதில் சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள். பிறகுதான் தம்பி எனக்குச் சொன்னார். இது ஆபத்தில்லையா என்று அந்த ஆள் கேட்டாராம். இந்தத் தொழிற்சாலையிலேயே ரொம்பப் பயப்படுகிற மனிதர் இவர், இவரே ஏறி நிற்கிறார் என்றால் நீங்கள் கவலைப்படத் தேவையில்லை என்றாராம் புவான்.

அவர்கள் போன பிறகு, ரூலர் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று புவானிடம் கேட்டேன். சொல்லத் தயங்கினார். கேட்டுவிட்டு விடுகிற ஆளா நான்? கடைசியில் தகட்டில் சின்னத் துண்டு ஒன்றை எடுத்துக் கரண்டு ஏற்றி, கண்ணாடிக் கவசத்துக்குப் பின்னால் வைத்து, நீளமான இடுக்கியால் ஓர் ஆணியைப் பிடித்து இரண்டு பட்டைகளுக்கும் குறுக்கே வைத்தார். பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். கண்ணைப் பறிக்கிற வெளிச்சம். புகை அடங்கியதும் பார்த்தால் ஆணியின் ஒரு முனை உருகிச் செப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. அது உள்ளங்கையளவுத் துண்டு. காலையில் என் மேசையில் கிடந்ததோ முழு மூடி. அந்த ஆணி இருந்த இடத்தில் என் ரூலர் இருந்திருக்கும். ரூலரின் மறுமுனையில் என் விரல்கள். அதற்கு நேர் மேலே குனிந்திருந்த என் முகம், என் கண்கள்.

எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். சர்ட்டிபிகேட் எதுவும் இல்லாத எனக்கு இந்த இரண்டு கையும் கண்ணும்தான் படிப்பு. இவை போயிருந்தால் அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்க எனக்குச் சொல்லித்தர வேண்டாம். அதில் நான் கைதேர்ந்தவன்.

மறுநாளிலிருந்து அந்த அறைக்குள் மாத்தி என்ற சொல் எந்த மொழியிலும் கூடாது என்று புவான் சட்டம் போட்டார். காலி என்றால் கோசோங், இடம் மாற்றினால் துக்கார். தம்பி சட்டையை மாற்ற வேண்டுமென்றால்கூட, "அண்ணே, சட்டைய துக்கார் பண்ணிட்டு வரேன்" என்பார். என் பட்டப்பெயர் மட்டும் மாறவில்லை. என் மேசைக்கென்று தனியாக ஒரு மீட்டர் வந்தது. எப்படிப் பார்ப்பது என்று புவானே எனக்குக் காட்டிக்கொடுத்தார். அதற்கப்புறம் நானே அளந்து பார்த்தேன். அளந்துவிட்டும் கேட்டேன்.

ஆராய்ச்சி தொடர்ந்தது. பிறகு குழு பெரிதாகி வேறோர் இடத்துக்குப் போனது, புவானும் போய்விட்டார். அந்த மூடி இன்னும் கடையில் விற்கும் எந்தக் காரிலும் வரவில்லை. இன்னும் வேலை இருக்கிறதாம். புவான் தீபாவளிக்குத் தவறாமல் வாழ்த்து அனுப்புவார். அவர் கிளம்பிய நாளில் நன்றி சொல்ல வேண்டும் என்று இரண்டு நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். கடைசியில் வாயில் வந்தது "தெரிமா காசி, புவான்" மட்டும்தான். அவரும் ஏதோ உப்பு டப்பாவை நகர்த்திக் கொடுத்ததற்குச் சொல்வது போல, "சாமா சாமா" என்று சிரித்துவிட்டு வண்டியில் ஏறிவிட்டார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் பயம் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். இன்று காலைகூடச் சாலை முனையிலிருந்து திரும்பி வந்தேன். ஆனால் ஒன்று மட்டும் புதிதாகப் பழகியிருக்கிறேன். எப்போதும் ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்கும் ஒருவர் திடீரென்று சொல்லாமல் இருந்தால், அப்பாடா என்று இருந்துவிடுவதில்லை. போன வருடம் என் சின்ன மகள், பள்ளிவிட்டு வந்ததும் அன்றைக்கு நடந்ததையெல்லாம் ஒப்பிக்கிறவள், இரண்டு நாளாக ஒன்றும் பேசவில்லை. வீடு அமைதியாக இருக்கிறதே என்று மற்றவர்கள் இருந்தார்கள். நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னம்மா, இன்னைக்கு ஒண்ணும் சொல்லலையே?" என்று கேட்டேன். சொல்ல அவளிடம் நிறைய இருந்தது. அதை நாங்கள் பேசிச் சரிசெய்தோம்.

கூப்பிட்ட குரலுக்குத் திரும்பிப் பார்க்கிறவர்கள் எத்தனையோ பேர் உண்டு. என் குரல் வராதபோது திரும்பிப் பார்த்த ஒருவர் இருந்ததால்தான், இன்றைக்கு இதை என் கையாலேயே எழுதி, என் கண்ணாலேயே ஒருமுறை படித்துப் பார்த்து உங்களுக்கு அனுப்ப முடிகிறது.